மரத்தடியில் கல்லறை, வாசலில் கோலம்: முதல் முறை அமைத்த ஒரு ஹாலோவீன் முற்றம்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 31 வியாழக்கிழமையாக வந்தது. காலையில் தீபாவளி, மாலையில் ஹாலோவீன்: குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் அமெரிக்கப் பேய்த் திருவிழா. மத்திய நியூ ஜெர்சியின் புறநகர்த் தெரு ஒன்றில் இருக்கும் என் தங்கை வீட்டில் இரண்டையும் ஒரே வாசலில் நடத்த வேண்டியிருந்தது. ஹாலோவீனுக்கு முன்முற்றத்தை அலங்கரிப்பது அந்த வீட்டுக்கு முதல் முறை. கடைப் பொம்மைகளை வாங்கி நட்டுவைப்பதில்லை, எல்லாவற்றையும் கையால் செய்வது என்று பிடிவாதம் வேறு. செய்தவர்கள் என் தங்கையின் கணவரும் பதினான்கு வயது மகனும். ஆறு வயது மகள் ஆலோசகர். ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த சம்பந்தியம்மா தணிக்கை அதிகாரி. பக்கத்து ஊரில் இருக்கும் நான் பலகை பிடிக்கவும் கருத்துச் சொல்லவும் அழைக்கப்பட்டவன்.

இந்த முற்றத்தைப் பற்றி எழுதக் காரணம், அது அந்தத் தெருவிலேயே பெரியது என்பதல்ல. எதிர்வரிசையில் காற்றடைத்த ராட்சதப் பூனையும் பத்து எலும்புக்கூடுகளும் கொண்ட வீடு ஒன்று இருந்தது. ஆனால் அங்கே வந்த குழந்தைகள் நேராக வாசலுக்கு நடந்து மிட்டாயை வாங்கிக்கொண்டு போனார்கள். இங்கே நின்றார்கள், தயங்கினார்கள், திரும்பிப் பார்த்தார்கள். முற்றம் அமைப்பவர்கள் பொருட்களை எண்ணுகிறார்கள். நடந்து வருபவர்கள் உணர்வதோ வெளிச்சத்தையும் பாதையையும்தான். அந்த வேறுபாடு எப்படி உண்டானது என்பதே இங்கே விஷயம்.

இடமும் நிபந்தனைகளும்

நடைபாதையிலிருந்து வீட்டுச் சுவர் வரை சுமார் முப்பது அடிப் புல்வெளி. இடப்பக்கம் கார் ஏறிவரும் தடம். அதன் நடுவிலிருந்து பிரியும் சிறு பாதை வீட்டை ஒட்டித் திரும்பி முகப்புத் திண்ணைக்குப் போகிறது. வலப்பக்கம் ஒரு முதிய மேப்பிள் மரம். எதிரே தெருவிளக்கு. மரத்தின் நிழல் புல்வெளியின் பாதியை அந்த விளக்கிடமிருந்து காப்பாற்றுகிறது. இந்தச் சிறு விவரம் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

தங்கை விதித்த செலவு வரம்பு இருநூறு டாலர். மகனின் கனவு வேறு: ஹோம் டிப்போ என்ற வீட்டுச் சாமான் கடை 2020இல் 299 டாலருக்கு அறிமுகப்படுத்திய பன்னிரண்டு அடி எலும்புக்கூடு. "அண்ணா, அதை நவம்பரில் எங்கே படுக்கவைப்பது என்று அவனை முதலில் சொல்லச் சொல்லுங்கள்" என்றாள் தங்கை. அத்துடன் அந்தக் கோரிக்கை முடிந்தது. 2024இல் அமெரிக்கர்கள் ஹாலோவீனுக்காகச் செலவிடும் தொகை 1160 கோடி டாலர் என்று தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு மதிப்பிட்டிருந்தது. அதில் தன் பங்கைக் குறைத்துக்கொள்வதில் அவள் உறுதியாக இருந்தாள்.

இரண்டாவது நிபந்தனை சூரியன் விதித்தது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைகால நேரத்தை நவம்பர் முதல் ஞாயிறு வரை நீட்டித்த சட்டம் 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே ஹாலோவீன் அன்று இந்தப் பகுதியில் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்புதான் சூரியன் மறையும். பள்ளி விட்டதும் சின்னக் குழந்தைகள் பட்டப்பகலிலேயே வரத் தொடங்குவார்கள். பெரியவர்கள் இருட்டிய பிறகு. மூன்று வயதுத் தேனீ வேடமும் பதின்மூன்று வயது ரத்தக்காட்டேரியும் ஒரே முற்றத்தைப் பார்க்கப் போகிறார்கள். பகலில் சாதுவாகவும் இரவில் பயமாகவும் தெரிகிற காட்சிதான் இதற்குச் சரிப்படும்.

மூன்றாவது, வறட்சி. அந்த அக்டோபரில் நியூ ஜெர்சியில் மழையே இல்லை என்று சொல்லலாம். 17ஆம் தேதி மாநில அரசு வறட்சிக் கண்காணிப்பை அறிவித்திருந்தது. புல்வெளி முழுக்க மேப்பிள் சருகு, தொட்டால் நொறுங்கியது. பாலியெஸ்டர் அங்கிகள் தரையில் புரள ஓடும் குழந்தைகள், சருகு, திறந்த சுடர் மூன்றையும் ஒரே இடத்தில் சேர்க்கக்கூடாது என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடே எழவில்லை. பூசணிக்குள் எல்.இ.டி. விளக்கு மட்டும். தீபாவளி அகல் விளக்குகளை என்ன செய்வது என்பது தனிப் பஞ்சாயத்தாக நின்றது.

கல்லறைக் கற்கள்

கட்டடச் சுவர்களுக்குள் குளிர் தடுக்க வைக்கும் ரோஸ் நிற ஃபோம் பலகை, நான்குக்கு எட்டு அடி, இரண்டு அங்குலத் தடிமன். நம் ஊர்த் தெர்மோகோலின் உறவுதான், ஆனால் மணிமணியாக உதிராமல் வெண்ணெய்போல வெட்டுப்படும். பல் வைத்த கத்தியால் ஓரத்தை அறுத்து, மணல்தாள் போட்டு, எழுத்துகளைச் சூட்டுக் கம்பியால் செதுக்கினார்கள். சூடு பட்ட ஃபோம் நச்சுப் புகை விடும் என்பதால் அந்த வேலை முழுவதும் வெளியில், முகமூடியுடன் நடந்தது. ஸ்ப்ரே பெயிண்டில் உள்ள கரைப்பான் இந்தப் பலகையை அரித்துத் தின்றுவிடும். அதனால் நீர் கலந்த வெளிச்சுவர் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். அனுபவசாலிகள் அந்த அரிப்பையே வேண்டுமென்று வரவழைத்துக் கல்லில் பள்ளம் விழுந்தாற்போலக் காட்டுவதுண்டு. மாப்பிள்ளையும் ஒரு துண்டில் செய்து பார்த்தார். நன்றாகவே வந்தது.

நிறம் எது என்பதில்தான் இந்த முற்றம் மற்றவற்றிலிருந்து பிரிந்தது. கடையில் விற்கும் கல்லறைக் கற்கள் எல்லாமே சாம்பல் நிறம். நியூ ஜெர்சியின் பழைய கல்லறைகள் அப்படியில்லை. எலிசபெத் நகரில் முதல் பிரஸ்பிடேரியன் தேவாலயத்தின் தோட்டத்துக்குப் போனால் பதினெட்டாம் நூற்றாண்டுக் கற்கள் செம்பழுப்பு மணற்கல்லில் நிற்பதைக் காணலாம். நடுவில் பெரிய வளைவு, இரு புறமும் தோள்போலச் சிறு வளைவுகள், உச்சியில் சிறகு முளைத்த மண்டையோடு அல்லது சிறகு முளைத்த குழந்தை முகம். மகன் அங்கே எடுத்த படங்களை வைத்தே வார்ப்பு அட்டை வெட்டினான். எந்தக் கல்லிலும் பெயர் இல்லை; பாதி தேய்ந்த எழுத்துகள் மட்டும். கல்லறையில் நகைச்சுவைப் பெயர் எழுதுவது இங்கே பெரிய மரபு. என் ரசனைக்கு அது ஒரு முறை சிரிப்பதோடு சரி. வாசிக்க முடியாத கல் கிட்டே வரவழைக்கிறது.

செம்பழுப்பு ஒரு தொல்லையும் கொண்டுவந்தது. நீல ஒளி பட்டால் அந்த நிறம் கறுத்து மறைந்துவிடும். ஆகவே அடிப்பூச்சு காய்ந்த பிறகு, பெயிண்ட் அநேகமாக வழித்தெடுக்கப்பட்ட தூரிகையால் வெளிர்சாம்பலை விளிம்புகளில் மட்டும் தேய்த்தார்கள். மேலிருந்து நீர்த்த கறுப்பை வழியவிட்டார்கள். பகலில் பழைய கல்லாகவும், இரவில் விளிம்பு மட்டும் மிதப்பதாகவும் தெரிந்தது இதனால்தான்.

காற்றுக்குப் பறக்காதிருக்க, கல்லின் முதுகில் இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகளை ஒட்டி, தரையில் அடித்த முறுக்குக் கம்பிமேல் செருகிவிட்டார்கள். கம்பி அடிப்பதற்கு முன் 811 எண்ணை அழைத்தாயிற்று. பூமிக்குள் ஓடும் குழாய்களையும் கம்பிகளையும் இலவசமாக வந்து புல்மேல் நிறம் தெளித்துக் குறித்துத் தருகிறார்கள். எரிவாயுவுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு. இங்கே மஞ்சள் கோடு புல்வெளியின் இடப்பாதியைக் குறுக்கே வெட்டியது.

அதோடு சம்பந்தியம்மாவின் தீர்ப்பும் வந்து சேர்ந்தது. அவருக்கு எலும்புக்கூடு பிரச்சினை இல்லை, பேய் பிரச்சினை இல்லை. "நிலைப்படிக்கு நேராகச் சமாதி வைக்கக்கூடாது தம்பி. அதுவும் தீபாவளியன்று. மற்றபடி குழந்தைகள் ஆசைப்படுவதைச் செய்யட்டும்" என்றார். மாப்பிள்ளை முதலில் வரைந்த படத்தில் கற்கள் பாதையின் இருபுறமும் வரிசையாக நின்றன. எரிவாயுக் கோடும் அம்மாவின் சொல்லும் சேர்ந்து அவற்றை வலப்பக்கம், மேப்பிள் மரத்தடிக்கு ஒதுக்கின. காட்சிக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்பது என் கணிப்பு. பாதையோரம் நிற்கும் பொருளை நடப்பவர் கடந்துவிடுகிறார். எட்ட முடியாத தூரத்தில், மர நிழலில், பாதி தெரிகிற பொருளை அவர் பார்த்துக்கொண்டே நடக்கிறார்.

கோழி வலையில் ஒரு பெண்

கோழிக்கூண்டுக்குக் கட்டும் அறுகோணக் கண் கம்பிவலையை எடுத்து, மனித உருவத்தின்மேல் சுற்றி அழுத்தி வடிவெடுப்பது இங்கே வீட்டு அலங்காரக்காரர்களிடையே பரவிய உத்தி. மகன் தடித்த குளிர்கோட்டு அணிந்து நின்றான். தகப்பனார் தோல் கையுறையுடன் வலையைத் தோளிலும் கையிலும் பொருத்தி, முதுகில் அறுத்துக் கழற்றி மறுபடி தைத்தார். பாவாடைப் பகுதி தரையைத் தொடும்படி விரிந்தது. தலை வைக்கவில்லை, முக்காடுபோல ஒரு வளைவு மட்டும்.

பகலில் இதைக் கண்ணே காண்பதில்லை. மரத்தின் முன்னால் ஏதோ கம்பி மின்னுகிறது என்பதோடு சரி. தேனீ வேடமும் தேவதை வேடமும் அதைக் கடந்து போனது தெரியாமலேயே கடந்தன. இருட்டியதும் கீழிருந்து ஒரே ஒரு வெள்ளை ஒளி பட்டால், மரப்பட்டை ஊடாகத் தெரிய ஒரு பெண் நிற்கிறாள். இரு வகைப் பார்வையாளர் என்ற சிக்கலுக்கு இதைவிடச் செலவு குறைந்த விடையை நான் பார்த்ததில்லை. இதைப் படமெடுத்தவர்கள்தான் ஏமாந்தார்கள். இரவுப் படத்துக்காகக் கைபேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடுவதால் பேய் போய்க் கோழி வலை மட்டும் பதிவானது.

சிலந்தி வலைக்குப் பஞ்சுபோல இழுத்து விரிக்கும் கடைச் சரக்கைத் தவிர்த்தார்கள். சின்னப் பறவைகள் அதில் சிக்கிக்கொள்ளும். தடித்த கொடிக்கயிற்றை முடிந்து திண்ணைக் கூரைக்கும் தூணுக்கும் நடுவே கட்டியதே போதுமானதாக இருந்தது. பூசணிகள் பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்தவை. ஹவ்டன் ரகம், குடைவதற்கென்றே வளர்ப்பது, காம்பு கைப்பிடிபோல உறுதியாக இருக்கும். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்துகொண்டிருந்தவர்கள் அமெரிக்கா வந்து பூசணிக்கு மாறினார்கள் என்பது வரலாறு. கிழங்கைக் குடைந்து பார்த்தவருக்கு அவர்கள் ஏன் மாறினார்கள் என்று விளங்கும். மேல்மூடியை வெட்டாமல் பின்பக்கம் துளையிட்டுக் குடைந்தால் உச்சி உள்ளே சரியாது. அந்த மாத வெப்பத்துக்குக் குடைந்த பூசணி சில நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் முழுப் பூசணிகளையே திண்ணையில் வைத்திருந்து 30ஆம் தேதி இரவுதான் குடைந்தார்கள். அதற்குள் இரண்டை அணில்கள் கவனித்துக்கொண்டன.

அதே 30ஆம் தேதி நியூ ஜெர்சிப் பிள்ளைகளுக்குக் 'குறும்பு இரவு'. முட்டை வீச்சும், மரங்களில் கழிவறைக் காகிதத் தோரணமும் அன்று நடக்கும். குழாயில் செருகிய கற்கள் ஐந்து நிமிடத்தில் கழன்று கராஜுக்குள் போயின. கம்பி முனைகளுக்கு மட்டும் பிளாஸ்டிக் தொப்பி போட்டு விட்டுவைத்தார்கள்.

வெளிச்சத்தின் கணக்கு

வீட்டின் வெளிச்சுவரில், மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டித்துக்கொள்ளும் ப்ளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. பதினைந்து ஆம்பியர், 120 வோல்ட். கணக்குப்படி 1800 வாட். பத்து வாட் எல்.இ.டி. விளக்குகளுக்கு இது கடல். புகை இயந்திரம் மட்டும் 400 வாட் கேட்டது. வெளிப்புற உபயோகத்துக்கான ஒயர்கள் புல்வெளி ஓரமாகப் போயின; பாதையைக் குறுக்கே கடக்கும் ஒயர் ஒன்றும் கிடையாது. இருட்டில், முகமூடி அணிந்து, கண் ஓட்டை வழியே பார்க்கும் எட்டு வயதுப் பிள்ளை நிச்சயமாக அதில்தான் கால் வைக்கும்.

மொத்தம் மூன்று விளக்குகள். கல்லறைக்குப் பக்கவாட்டிலிருந்து தரையோடு தரையாக நீலம். கம்பிவலைப் பெண்ணுக்குக் கீழிருந்து வெள்ளை. மரத்தின் பின்புறக் கிளைகளுக்குள் மங்கலான பச்சை. விளக்கு எதுவும் கண்ணில் படாதபடி கற்களின் பின்னால் ஒளித்தார்கள். முன்னாலிருந்து நேராக ஒளி அடித்தால் எதுவும் தட்டையாகிவிடும். ஃபோம் ஃபோமாகத் தெரியும். பக்கவாட்டு ஒளியில் அதன் ஒவ்வொரு பள்ளமும் நிழல் பெற்றது. மகன் நான்காவது விளக்கு ஒன்றைப் புல்வெளி நடுவில் வைத்துப் பார்த்து, தானே எடுத்துவிட்டான். புல்வெளியின் பெரும்பகுதி இருட்டாகவே கிடந்தது. அந்த இருட்டுக்குக் காசு கிடையாது.

திண்ணை விளக்கில்தான் முடிச்சு விழுந்தது. ஹாலோவீன் இரவில் திண்ணை விளக்கு எரிந்தால் மிட்டாய் உண்டு, அணைந்திருந்தால் அந்த வீட்டை விட்டுவிட வேண்டும் என்பது நாடெங்கும் எழுதப்படாத விதி. எரியவிட்டால் முற்றத்து இருட்டு போகும். அணைத்தால் குழந்தைகள் வரமாட்டார்கள். வெள்ளை பல்பைக் கழற்றி மிகக் குறைந்த வாட் கொண்ட தேன்நிற பல்பைப் போட்டார்கள். அகல் விளக்குப் பஞ்சாயத்தும் இங்கேயே தீர்ந்தது: வாசலின் வெளிக்கதவு முழுக் கண்ணாடி. அதன் உள்பக்கம் சின்ன மேசை போட்டு இரண்டு பித்தளைக் குத்துவிளக்குகளை ஏற்றினார் சம்பந்தியம்மா. கண்ணாடிக்கு வெளியே, திண்ணையில், விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு போட்ட மாக்கோலம். சுடர் உள்ளே, சருகு வெளியே.

யாரும் முன்கூட்டித் திட்டமிடாத ஒரு வரிசை இதில் அமைந்துவிட்டது. தெருவிலிருந்து குளிர்ந்த நீலம், நடுவில் இருட்டு, முடிவில் மஞ்சள் வெளிச்சமும் கோலமும். நடப்பவர் பயத்திலிருந்து வீட்டுக்குள் வருகிறார். எதிர்வரிசை வீட்டில் இந்த நகர்வு இல்லை. அங்கே வாசலும் புல்வெளியும் ஒரே வெளிச்சத்தில் இருந்தன.

அன்று மாலை

வெப்பநிலை 80 ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருந்தது. அக்டோபர் இறுதிக்கு இது அசாதாரணம். கம்பளிக் கரடிகளும் தலைமுதல் கால்வரை மூடிய விண்வெளி வீரர்களும் வியர்த்து வழிந்தார்கள். வாசலில் தண்ணீர்ப் போத்தல் வைத்தது மிட்டாயைவிடப் பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்கியது.

புகை இயந்திரத்துக்கும் அந்த வெப்பம் ஒத்துவரவில்லை. கிளைகாலும் நீரும் கலந்த திரவத்தைச் சூடாக்கி வெளியேற்றுவதுதான் அதன் வேலை. சூடான புகை மேலேதான் போகும். தரையில் தவழ வேண்டுமானால் பனிக்கட்டி நிரப்பிய பெட்டிக்குள் அதைச் செலுத்திக் குளிர்வித்து அனுப்ப வேண்டும். அப்படியே பெட்டியும் செய்திருந்தார்கள். ஆனால் பகலெல்லாம் காய்ந்த தரைமேல் குளிர்ந்த புகை சீக்கிரமே சூடேறிக் கலைந்தது. கற்களின் காலடியில் நிற்கவே இல்லை. ஒரு தாய் தன் மகனுக்கு ஆஸ்துமா என்று தள்ளியே நின்றதும் இயந்திரத்தை அணைத்துவிட்டார்கள். அணைத்த பிறகு காட்சி ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. முதல்முறை செய்பவர்கள் இதை வாங்காமல் அந்தப் பணத்துக்கு இன்னொரு பலகை வாங்கலாம் என்பேன்.

திண்ணை நாற்காலியில் அக்டோபர் முழுவதும் ஒரு வைக்கோல் மனிதன் உட்கார்ந்திருந்தான்; பழைய சட்டை, சாக்குத் தலை, உள்ளே பிளாஸ்டிக் பைகள். 31ஆம் தேதி இருட்டியதும் அதே உடையில் மகன் உட்காருவான். தெருப் பிள்ளைகள் அத்தனை நாளும் பார்த்துப் பழகிய பொம்மை திடீரென்று தலையைத் திருப்பும். பழைய தந்திரம்தான், ஆனால் மாதம் முழுக்கப் பழக்கிவைப்பதில்தான் அதன் சூட்சுமம். பகலிலேயே இதில் ஒரு சிக்கல் தெரிந்தது. மிகச் சிறிய குழந்தைகள் பொம்மையைக் கண்டே படியேற மறுத்தன. மிட்டாய்க் கிண்ணம் நாற்காலிக்கு இரண்டடியில் இருந்தது. ஆலோசகரான ஆறு வயதுக்காரி உடனே சொன்னாள்: "அப்பா, அவரைத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். மிட்டாய் எங்களுக்கு, அவருக்கு இல்லை." நாற்காலி திண்ணையின் மறுகோடிக்குப் போனது. இரவிலும் மகன் குதிக்கவில்லை, கத்தவில்லை. பெரிய பிள்ளைகள் மிட்டாய் எடுத்துத் திரும்பும்போது தலையை மட்டும் மெல்லத் திருப்பினான். பதின்மூன்று வயதுக் காட்டேரிகள் படிகளைத் தாண்டிக் குதித்து ஓடின. சற்று நேரத்தில் வேறு தெருவிலிருந்து நண்பர்களை இழுத்துக்கொண்டு திரும்பி வந்து, ஒன்றுமறியாதவர்கள்போல அவர்களை முன்னால் தள்ளிவிட்டன.

மிட்டாய் விஷயத்தில் சம்பந்தியம்மா சுட்ட முறுக்கைப் பற்றி ஒரு பேச்சு நடந்தது. தெரியாத வீட்டில் கையால் செய்து உறையில்லாமல் கொடுக்கும் தின்பண்டத்தை அமெரிக்கப் பெற்றோர் குப்பையில்தான் போடுவார்கள் என்பதை அவரிடம் சொல்வது யார் என்பதே சிக்கல். தங்கைதான் சொன்னாள்: "அத்தை, முறுக்கு நம் தெரிந்த பிள்ளைகளுக்கு. மற்றவர்களுக்குக் கடைச் சாக்லேட்." தெரிந்த பிள்ளைகள் குறைவாக இல்லை. பட்டுப் பாவாடைமேல் சூனியக்காரித் தொப்பி வைத்தவர்கள் மட்டுமே நாலைந்து பேர் வந்தார்கள். படியோரம் மயில்நீலம் பூசிய ஒரு பூசணியும் இருந்தது. உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இங்கே பென்சில், ஸ்டிக்கர் போன்ற தின்னாத பரிசு கிடைக்கும் என்பதன் அடையாளம். டென்னசியில் தோன்றிய இந்த வழக்கத்தை 2014இல் ஃபேர் என்ற ஒவ்வாமை அமைப்பு நாடு முழுக்கக் கொண்டுசென்றது.

குழந்தைகள் எங்கே நின்றார்கள் என்பதைக் கராஜ் ஓரத்திலிருந்து கவனித்தேன். கார் தடத்திலிருந்து சிறு பாதை பிரியும் மூலைதான் அது. அங்கிருந்து பார்த்தால் மரத்தடி முழுவதும் ஒரே பார்வையில் விழும். அதன் பிறகு பாதை வீட்டை நோக்கித் திரும்புவதால் கம்பிவலைப் பெண்ணுக்கு முதுகைக் காட்டித்தான் நடக்க வேண்டும். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். சிலர் பின்பக்கமாக நடந்தார்கள். கற்கள் பாதையோரம் இருந்திருந்தால் இது நடந்திராது. புதரடியில் ஒளித்த சிறு ஒலிபெருக்கியில் காற்றின் முனகல் மட்டும் ஓடியது, அலறல் இல்லை. ஒன்பது மணிக்கு அதையும் நிறுத்துவதாகப் பக்கத்து வீட்டு முதியவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். கோலத்தைச் சுற்றி நடந்தவர்களே அதிகம். மிதித்தவர்கள் அப்பாக்கள்.

செலவும் மிச்சமும்

ஃபோம் பலகைகள், பெயிண்ட், கம்பிவலை, முறுக்குக் கம்பி, மூன்று விளக்குகள், பூசணிகள் எல்லாம் சேர்த்து வரம்புக்குள் அடங்கின. புகை இயந்திரம் வரம்பை ஒட்டிக் கொண்டுபோய்விட்டது. மிட்டாய்க் கணக்கைத் தங்கை தனியாக வைத்திருக்கிறாள், காட்ட மறுக்கிறாள்.

கற்கள் தட்டையானவை என்பதால் கராஜ் சுவரோடு சாய்ந்து நிற்கின்றன. கம்பிவலைப் பெண் மடங்கமாட்டாள். கராஜ் கூரையில் தொங்குகிறாள், காரை எடுக்கும் ஒவ்வொரு காலையும் தங்கை அவளோடு சண்டை போடுகிறாள். பூசணிகள் உரக்குழிக்குப் போயின. தீபாவளி ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 31இல் வராது என்பதால் அடுத்த முறை குத்துவிளக்கும் கோலமும் அந்த இரவுக்குத் தானாக அமையாது. தேன்நிற வெளிச்சத்துக்கு வேறு வழி தேட வேண்டும். மகன் இப்போதே பழைய காரின் வைப்பர் மோட்டாரை வைத்துக் கல்லறை ஒன்றைத் திறந்து மூட முடியுமா என்று வரைந்துகொண்டிருக்கிறான். புகை இயந்திரத்தைக் கேட்பவருக்குக் கொடுத்துவிட மாப்பிள்ளை தயார். இதுவரை யாரும் கேட்கவில்லை.